முதல் ஓலைக்கு உன் அம்மா சொன்ன தடை

என் இளைய மகனுக்கு,

இந்த மூன்று சொல்லை எழுதுவதற்குள் ஒரு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. வழக்கமாகக் கடிதத்தின் தலையில் உன் பேரை எழுதி, கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் சுகம் என்று ஒரு வரி எழுதி, மழை, ஏலக்காய் விலை, அம்மாவின் முழங்கால் வலி என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி முடித்துவிடுவேன். இந்தத் தடவை பேர் எழுதவில்லை. மறதி இல்லை, கோபமும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள். நீ படித்துவிட்டு எஸ்தரிடமும் கொடு. அவள் பள்ளிக்கூட டீச்சர், என் எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும், விஷயத்தைப் படித்தால் போதும். அவள் வீட்டாருக்கும் காட்டு. செத்த பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கலாம் என்று நினைக்கிற தகப்பன் யாராவது உன் கம்பெனியில் இருந்தால் அவனுக்கும் கொடு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. சபை முழுவதும் கேட்ட விஷயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உனக்கும் எஸ்தருக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். காலையிலிருந்தே நல்ல மழை. நம் தகரக் கூரையைத்தான் உனக்குத் தெரியுமே, மழை பிடித்துக்கொண்டால் போதகர் பேசுகிறாரா, வாயை மட்டும் அசைக்கிறாரா என்று தெரியாது. சில பிரசங்கங்களுக்கு அது நல்லதுதான். ஓலை வாசிக்கிற நேரத்தில் மழை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உடும்பஞ்சோலை சபையைச் சேர்ந்த ஜெயசீலனுக்கும் கஞ்சிக்கோடு சபையைச் சேர்ந்த எஸ்தருக்கும் என்று வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்றார். மூன்று ஞாயிறு இப்படிச் சபையைக் கேட்டுத்தானே நமக்குக் கல்யாணம். என் வயதுக்கு எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், தடை என்று ஒருத்தரும் எழுந்ததில்லை. போதகர்களும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் உன் அம்மா எழுந்து நின்றாள்.

“தடை இருக்கு ஐயா.”

போதகர் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தார். “என்னம்மா?”

“ஜெயசீலன் மேட்டுக் கல்லறையில கெடக்கான் ஐயா. செத்துப்போன பிள்ளைக்கு எப்படிக் கல்யாணம் பண்ணி வைப்பீங்க?”

உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன், இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போதகர் மட்டும் பதறவில்லை.

“அப்போ மாப்பிள்ளை யாரும்மா?” என்று கேட்டார்.

“இவன் எனக்கு ரெண்டாவது மவன் ஐயா. இவனுக்கு நாங்க இன்னும் பேரு வைக்கலை.”

முன்வரிசையில் நம் பழைய உபதேசியார் உட்கார்ந்திருந்தார். இப்போது கண்ணும் தெரிவதில்லை, காதும் மந்தம். ஆனால் இது மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “நாந்தான் வச்சேன், நாந்தான் வச்சேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். போதகர் ஓலையை மடித்து வைத்தார். அடுத்த ஞாயிறு அவருக்குக் கம்பம்மெட்டில் ஆராதனை, அதற்கடுத்த ஞாயிறு முதல் ஓலையை மறுபடி வாசிப்பதாகவும், அதற்குள் பேரைச் சொல்லிவிட வேண்டும் என்றும், தோட்டத்தில் வேலைக்கு வந்த புது ஆளிடம் பேர் கேட்கிற தோரணையில் சாதாரணமாகச் சொன்னார். நமக்கு இருப்பது அவ்வளவுதான் காலம். அதற்குள் பேர் இல்லையென்றால் எஸ்தர் வீட்டார் நிச்சயித்த தேதியில் கல்யாணம் இல்லை. ஜெயசீலன் என்ற பேரில் இனி ஓலை வாசிக்க உன் அம்மா விடமாட்டாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, எஸ்தருக்கு இது முழுதாகத் தெரியாது. உண்மையைச் சொன்னால் உனக்கும் முழுதாகத் தெரியாது. உன் அண்ணன் ஜெயசீலன் ஏழு வயதில் போனான். மழைக்காலக் காய்ச்சல். நானும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் என்னோடு வேலை செய்த இன்னொருவரும் அவனைக் கம்பளியில் தூளி கட்டி, கம்பத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கம்பம்மெட்டில் இறக்கம் தொடங்குகிற இடத்தில் இருமல் நின்றது. காய்ச்சல் விட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். கூடவே நடந்து வந்த உன் அம்மா கம்பளியை விலக்கிப் பார்த்தாள். அங்கிருந்தே திரும்பிவிட்டோம். அடுத்த மழைக்காலத்தில் நீ பிறந்தாய். உபதேசியார் வந்து உன்னைக் கையில் வாங்கி, கர்த்தர் எடுத்ததைத் திரும்பக் கொடுத்திருக்கிறார், நீங்களும் பேரைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்று ஜெபம் பண்ணினார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அது வழக்கம்தான், புதிதாக அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அழுதார்கள், எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்றால், அன்றைக்குத்தான் நான் மறுபடி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனால் பேர் மட்டும் தனியாக வரவில்லை. அவனுக்கு எடுத்து வைத்திருந்த சட்டை உனக்கு வந்தது, அவன் கோயிலில் நின்று பாடுகிற இடம் உனக்கு வந்தது, அவன் பாட்டும் வந்தது. உன் அண்ணன் நன்றாகப் பாடுவான். உனக்குக் குரல் சுமார்தான், இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, என் குரலைக் கேட்டவர்கள் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவனுக்குப் பூசணிக்காய் ஆகாது, சாப்பிட்டால் வாந்தி எடுப்பான். அதனால் நம் வீட்டில் உன் தட்டில் பூசணிக்காய் விழுந்ததே இல்லை. கஞ்சிக்கோட்டு மெஸ்ஸில் பூசணிக்காய் போடுவார்களா? நீ சாப்பிடுகிறாயா? எனக்குத் தெரியவில்லை. மழை பெய்கிற மத்தியான நேரங்களில் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும்போது பின்னால் ஒரு குழந்தை இருமுவது எனக்குக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் நீ நிற்பாய். உனக்கு இருமல் இருக்காது. எதற்கு இப்படி முறைக்கிறீர்கள் என்று கேட்பாய். நான் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவேன். அந்த இருமல் இன்னும் கேட்கிறது, இப்போது திரும்பிப் பார்த்தால் நீயும் இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் களை எடுக்கப் போனோம். இந்த மலை மழைக்கு மரச்சிலுவை நிற்காது, சில வருஷத்தில் அடி இற்றுப்போகும், நான் புதிதாகச் செய்து நட்டுக்கொண்டே இருப்பேன். அன்றைக்கும் புதுச் சிலுவை. நான் பெயிண்டால் எழுத எழுத நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். முழுப் பேரும் வந்ததும் நிறுத்திவிட்டாய். “அப்பா, நான் எப்பச் செத்தேன்?” என்று கேட்டாய். நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது அண்ணன், நீ இல்லை என்று சொன்னாள். “அப்ப ஏன் என் பேரு எழுதிருக்கு?” என்றாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பாதையில் தனியாகப் போனதில்லை. நான் மட்டும் போய், சிலுவை இற்றுப்போகும்போதெல்லாம் உன் பேரை எழுதிக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பேரைக் கல்லறையில் எழுதுகிற தகப்பன் இந்த மலையில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

பிறகு உனக்கு ஏழு வயது வந்தது. அந்த வருஷம் உன் அம்மா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, ஓடைப் பக்கம் விடவில்லை, மழை என்றால் முற்றத்துக்குக்கூட விடவில்லை. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வருஷமும் தாண்டிப் போயிற்று, நீ எட்டு வயதுக்காரன் ஆனாய். நாங்கள் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம், கோழி அடித்தோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு உன்னை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஏழு வயதுவரை உனக்கு என்ன பிடிக்கும், எதற்கு அழுவாய், எப்படிச் சமாதானம் பண்ண வேண்டும் என்று எல்லாம் அவளுக்கு முன்னாலேயே தெரியும். எட்டு வயதில் அவளுக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று. சோறு போடுவாள், எண்ணெய் தேய்த்துவிடுவாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியை நடத்துவது போல நடத்துவாள். நீ அப்போதுதான் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தாய். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததை நான் இந்த வாரம்தான் யோசித்துப் பார்த்தேன்.

அந்தக் கிறிஸ்மஸ் கேரல் உனக்கு மறந்திருக்காது. லயம் லயமாகப் பாடிக்கொண்டு போகும்போது, உன் அண்ணன் பாடுகிற பாட்டைப் பாடச் சொல்லி உபதேசியார் உன்னை முன்னால் நிறுத்தினார். நீ பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஏலக்காய் பறிக்கிற பெண்கள் பாடுகிற மெட்டில், கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே வேறொன்றைப் பாடினாய்.

ஏலக்கா ஸ்டோருல ஏசு பொறந்தாரு,
வெறகு தள்ளியே யோசேப்பு கண்ணு செவந்தாரு,
மரியம்மா கையெல்லாம் ஏலக்கா வாசம்,
மாட்டுக்குப் பதிலா மழைதான் வந்து பேசும்.

லயத்துப் பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள், இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். உபதேசியாருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆண்டவரைக் கேலி செய்கிறான் என்றார். உன் அம்மா ஒன்று சொன்னாள், நீ கேட்டாயோ இல்லையோ. “அவன் இப்படிப் பாட மாட்டான்” என்றாள். நான் எல்லோருக்கும் முன்னால் உன் காதைத் திருகி, சரியான பாட்டைப் பாடு என்றேன். ஆனால் விறகு தள்ளிக் கண் சிவந்த யோசேப்பு என்று நீ பாடியது யாரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மலையில் அப்படிக் கண் சிவந்தவன் அப்போது நான்தான். நான் அத்தனை வருஷம் கோயிலுக்குப் போய், என் வேலைக்கும் ஆண்டவர் பிறந்ததற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நீதான் முதலில் சொன்னாய். அதற்கு உனக்குக் கிடைத்தது காது திருகல்.

புதுப் பாட்டுப் பாடுங்கள் என்று வேதத்தில் எத்தனை இடத்தில் இருக்கிறது! நாங்கள் அந்த வசனத்தையும் பழைய ராகத்திலேயே பாடிக்கொண்டிருந்தோம். விசுவாசம் என்றால் இருப்பதைக் கெட்டுப்போகாமல் காப்பது என்று என் அப்பா எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். ஏலக்காயை உலர்த்திப் பச்சை நிறம் போகாமல் காப்பதுதானே என் தொழில், அதனால் எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. ஆனால் உலர்ந்த காய் முளைக்காது. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கோயிலுக்குள் போகும்போது மட்டும் மறந்துவிடும். இந்தப் புதுப் போதகர் வந்து கோயிலில் மத்தளம் தட்டவிட்டபோது முதலில் முணுமுணுத்தவன் நான்தான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து அவரிடமே போய் நின்றேன். ஞானஸ்நானம் அந்தப் பேரில்தானே கொடுத்திருக்கிறது, இப்போது மாற்றினால் அது செல்லுமா என்று கேட்டேன். “ஐயா, ஞானஸ்நானம் பேருக்கா குடுக்கோம்? ஆளுக்குல்லா குடுக்கோம். ஆள் அதே ஆள்தானே” என்றார். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். அந்த லேசு எனக்கு வாய்த்திருந்தால் உனக்கு இத்தனை வருஷம் வீணாகியிருக்காது.

எஸ்தரும் அவள் வீட்டாரும் பேசி முடிக்க வந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், நீ அப்போது அவள் மாமனோடு ஸ்டோரில் இருந்தாய். கோயிலைக் காட்ட அவளை அழைத்துப் போனபோது அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டாள். சிலுவையின் முன்னால் நின்று, “ஏனுங்க மாமா, இது அவிக பேருங்களே?” என்றாள். அது அவன் அண்ணன்மா, சின்ன வயதில் போய்விட்டான் என்றேன். “ரெண்டு பேருக்கும் ஒரே பேருங்களா? அப்ப நான் கட்டிக்கப் போறது யாரைங்க?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, அவள் முகம் வெளுத்திருந்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் உன்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஈஸ்டருக்கு வந்தபோது நீ எங்களை உட்கார வைத்துக் கேட்டாய். எனக்கு ஒரு பேர் வையுங்கள், நானே வைத்துக்கொண்டால் அது புனைபேர் மாதிரி இருக்கும், அப்பா அம்மா வைக்க வேண்டும் என்றாய். நான் கோபத்தில் வேதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த அந்த ஊத்ஸ் தேசத்துப் பக்தனுக்குக் கர்த்தர் மறுபடி பத்துப் பிள்ளைகளைக் கொடுக்கவில்லையா, எடுத்ததைத் திரும்பக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். நீ சத்தம் போடவில்லை. “குடுத்தாருப்பா. ஆனா பின்னால பொறந்த பொம்பளப் பிள்ளைங்களுக்கு அந்தப் பக்தர் வச்ச பேரை வாசிங்க. செத்துப்போன பிள்ளைங்க பேரையா வச்சாரு?” என்றாய்.

நான் அந்த அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். பின்னால் பிறந்த பத்தில் மூன்று பெண்களின் பேர் மட்டும்தான் எழுதியிருக்கிறது, அவை வாயில் நுழையாது என்று தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்கு நீ ஊருக்குப் போன பிறகு எடுத்து வாசித்தேன். புதுப் பேர், மூன்றும் புதுப் பேர். செத்துப்போன பத்துப் பேரின் பேர் எங்கேயும் எழுதவில்லை. அவர்கள் பேரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அது அவர்களிடமே இருக்கிறது. இது எனக்கு விளங்கிய பிறகும் உனக்கு எழுதவில்லை. காரணம், எனக்கு ஒரு பயம் இருந்தது. கடைசி நாளில் எக்காளம் தொனித்து, மரித்தவர்களைப் பேர் சொல்லி எழுப்பும்போது, ஜெயசீலா என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழும்புவீர்களா, அல்லது நீ எழும்பி அவன் அங்கேயே கிடப்பானா? சிரிக்காதே. நான் எட்டாவது வரை படித்தவன், எனக்கு இப்படித்தான் யோசிக்க வருகிறது. உனக்கு வேறு பேர் வைத்தால் அவனுக்காவது குழப்பம் இருக்காது என்று ஒரு நேரம் தோன்றும். வேறு பேர் வைத்தால் அவனை நாங்கள் ஒரேயடியாக அனுப்பிவிட்டதாக ஆகும் என்று இன்னொரு நேரம் தோன்றும். உன் அம்மாவும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

ஓலை வாசித்த அன்று கோயிலிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை, நேராகக் கல்லறைக்குப் போனாள். நான் குடையோடு பின்னால் போனேன். களையைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்படிச் சபையில் எழுந்து நிற்கலாமா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

“போதகரையா அந்தப் பேரையும் எஸ்தர் பேரையும் சேத்து வாசிச்சாரு பாருங்க, எனக்குப் பெரியவன்தான் தெரிஞ்சான். ஏழு வயசுல, மாப்பிள்ளைக் கோட்டுப் போட்டுட்டு நிக்கான். கோட்டு கை தொங்குது. நான் யாருக்குங்க கல்யாணம் பண்ணப் பாத்தேன்?”

நான் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன்.

“ரெண்டு பிள்ளை பெத்தேன். வளத்தது செத்தவனைத்தான். உயிரோட இருந்தவன் அவனா வளந்துட்டான்” என்றாள். பிறகு அழுதாள். அண்ணன் போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அந்த அழுகை உனக்காக என்று எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. மழை வலுத்துவிட்டது, ஆனாலும் அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். நான் ஒரு பேர் சொன்னால் அது எங்க சித்தப்பா பேர் என்கிறாள், இன்னொன்று சொன்னால் அது சபையில் ஏற்கெனவே மூன்று பேருக்கு இருக்கிறது என்கிறாள். நல்ல பேர் ஒன்று சொன்னேன், அது போலீஸ்காரன் பேர் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். பிறகு அவள் ஒன்று கேட்டாள். “அவன் எப்படிப்பட்டவன்னு தெரியாம எப்படிப் பேரு வைக்க?” அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, உன்னைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தோம். யோசிக்கும்போது கூடையிலோ மேஜையிலோ விரலால் தட்டுவாய். கோபம் வந்தால் குரல் தாழும். பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவக்கும். யாராவது பாடத் தெரியாமல் திணறினால் கூடச் சேர்ந்து பாடி அவர்களைக் காப்பாற்றிவிடுவாய். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, நாங்கள் பயந்த அளவுக்கு மோசமில்லை, கொஞ்சம் தெரிந்துதான் வைத்திருக்கிறோம். பூசணிக்காய் விஷயம் மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நீ வரும்போது பண்ணி வைக்கிறேன் என்றாள், பிடிக்காவிட்டால் சொல்லிவிடு, பெரிய விஷயமில்லை.

கல்யாணம் பண்ணப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும், அதனால் நானும் சொல்கிறேன். உனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு என் பேரை வைக்காதே. நான் செத்த பிறகு உன் அம்மா கேட்பாள், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், தாத்தா பேர் பேரனுக்கு வராவிட்டால் எப்படி என்பார்கள். கேட்காதே. என் பேரை நானே முழுதாக உபயோகப்படுத்தித் தீர்த்துவிட்டுப் போகிறேன். அந்தப் பிள்ளை என் காலையோ என் மூக்கையோ கொண்டு வந்தால் அது அதன் தலைவிதி, ஆனால் என்னைத் தேடி அதன் முகத்தைப் பார்க்காதே. அது அழுதால் அது ஏன் அழுகிறது என்று பார். எஸ்தரையும் அப்படியே. நீ மனதில் கட்டி வைத்திருக்கிற மனைவி ஒருத்தி இருப்பாள், எல்லோருக்கும் இருப்பாள், அவளை எஸ்தரின் மேல் தேடிக்கொண்டிருக்காதே. கர்த்தர் ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாக்குகிறவர். நாம்தான் அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, போனதுதான் வந்திருக்கிறது என்று சொல்லி அவரை அவமானப்படுத்துகிறோம். பாட்டுக் கட்டுவதை விடாதே. கஞ்சிக்கோட்டு வாலிபர் சங்கத்தில் நீ கட்டுகிற பாட்டுகளைப் பற்றி எஸ்தரின் அப்பா பெருமையாகச் சொன்னபோது, ஆமாம் ஆமாம் என்று எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். ஒன்றுகூட நான் கேட்டதில்லை. வரும்போது பாடிக் காட்டு, காதைத் திருக மாட்டேன்.

உன் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் இனி உன்மேல் இருக்க மாட்டான். நேற்று மத்தியானம் ஸ்டோரில் இருமல் கேட்டது, வழக்கம்போலக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல், ஜெயசீலா, இங்கேயே இரு, தம்பிக்குக் கல்யாணம் என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன், காய் பொறுக்குகிற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இருமல் நிற்கவில்லை. நிற்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் என் பிள்ளை, எனக்குக் கேட்கட்டும். உனக்கு அது கேட்க வேண்டியதில்லை.

பேர் கிடைத்துவிட்டது. இன்று காலையில் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, “கெடச்சிருச்சுங்க” என்றாள். என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். “அவன் பேரை மொதல்ல அவன்தான் கேக்கணும். போன தடவை ஊரெல்லாம் கூடி வச்சோம், அவனைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்” என்கிறாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த புருஷனுக்கும் கிடையாதாம். போதகரிடம் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிப்பதற்குள் தெரிந்தால் போதும் என்கிறார், அவரும் அவள் கட்சி. ஆகையால் இந்தக் கடிதத்தில் அதை எழுத என்னால் முடியவில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஓலை வாசிக்கும் ஞாயிறுக்கு முந்தின நாள் பகல் வண்டியில் வந்து சேர். அம்மா பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்பாள், என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீ இறங்கியதும் அவள் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். உன் ஆயுசில் நீ கேட்டிராத பேராக இருக்கும். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடாதே. நின்று, “என்னம்மா?” என்று கேள்.

அப்பா